நீரும் மின்சாரமும்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்னும் பெயரோடும், வடக்குக் கிளை கொள்ளிடம் என்னும் பெயரோடும் ஓடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். காவிரிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் திருச்சிராப்பள்ளி; அதன் நடுவே மலைக்கோட்டை ஓங்கி நிற்கிறது. ஓர் ஊர் ஆற்று மணலின்மேல் அமைந்தது. மற்றோர் ஊர் பாறையைச் சூழ்ந்து வளர்ந்தது. கோயில்களைக் காண வருவோர் இவ்வேறுபாட்டைக் கண்ணால் கண்டு செல்வர். வீடுகளுக்கு மின்கம்பி பொருத்தும் பணியாளரோ, மண்ணைத் தோண்டும்போது இதனைக் கையால் அறிவர்.

மார்கழித் திங்களில் திருவரங்கத்து வீதிகள் பொழுது புலருமுன்னரே விழித்துக்கொள்ளும். உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வாசல் தெளிக்கும் ஓசை கேட்கும். கோயிலுக்குச் செல்வோர் நீராடிய பின்னரே புறப்படுவர். காவிரித் துறைக்குச் சென்று குளிர்ந்த நீரில் மூழ்கி எழுவோர் சிலர். முதியோரும் குழந்தைகளும் வீட்டிலேயே வெந்நீரில் குளிப்பர். முற்காலத்தில் கொல்லைப்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, பெரியதொரு தவலையை அடுப்பிலேற்றி விறகிட்டு வெந்நீர் காய்ச்சினர். புகை கண்ணைக் கரிக்கும், நேரமும் ஆகும். ஆயினும் அவ்வடுப்பினால் நேரக்கூடிய தீங்கு யாவர்க்கும் தெரிந்ததே. நெருப்பு சுடும் என்பதைச் சிறு குழந்தைக்கும் எவரும் இருமுறை சொல்ல வேண்டியதில்லை. இன்று அவ்விடத்தில் சுவிட்சு ஒன்றை அழுத்தினால் வெந்நீர் வருகிறது. புகை இல்லை; கரி இல்லை; ஓசையும் இல்லை. தீங்கு வரும் வழியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திருவரங்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைந்தவை; நீளம் மிகுந்தவை. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடைச்சுவர் ஒன்றே. திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என அவை உள்நோக்கி நீண்டு செல்லும். குளியலுக்குரிய இடம் வீட்டின் கடைசியில், கிணற்றிற்கு அருகில் இருந்தது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932 ஆம் ஆண்டிலும், காவிரியில் மேட்டூர் அணை மின்நிலையம் 1937 ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. நீரின் ஆற்றல் மின்சாரமாகி ஊர்களுக்கு வரலாயிற்று. வீட்டினுள் அம்மின்சாரம் வாசல் வழியாகவே நுழைந்தது. முதலில் கூடத்திற்கு ஒரு விளக்கு. பின்னர் ஒரு விசிறி. அதன்பின் வானொலிப் பெட்டி. குளியலறையின் முறை எல்லாவற்றிற்கும் கடைசியில் வந்தது. தேக்குமரப் பட்டிகளின்மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகளை ஓட்டி, விளக்குகளுக்கென்று அமைத்த பழைய இணைப்பின் வாலில், பிற்காலத்தார் வெந்நீர்க் கருவியைக் கட்டினர். ரப்பர் உறை முதுமையடைந்தால் இறுகி வெடிக்கும். வெடித்த உறையினூடே செம்பு எட்டிப் பார்க்கும். ஈரம் மிகுந்த அறையில் அவ்வாறு நேர்வதே பெருங்கேடு.

மின்சாரம் ஏன் மனிதனைத் தாக்குகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தெருவிலுள்ள மின்கம்பியின்மேல் காக்கை அமர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே கம்பியின்மேல் இருக்கின்றன. மின்னோட்டம் காக்கையின் உடல் வழியாகச் சென்று சேர்வதற்கு வேறோர் இடம் இல்லை. மனிதன் நிலத்தில் நிற்கிறான். வீடுகளுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியில், நியூட்ரல் என்னும் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நிலம் முழுவதுமே மின்னோட்டம் திரும்பிச் செல்வதற்குரிய பாதையாகிறது. பேஸ் என்னும் உயிர்க்கம்பியை ஒருவன் தொட்டால், கையில் நுழைந்த மின்னோட்டம் மார்பைக் கடந்து கால் வழியாக நிலத்தில் இறங்கி மின்மாற்றியை அடைகிறது. காலணி அணிந்து உலர்ந்த பலகையின்மேல் நிற்பவனுக்கு அப்பாதை பெரும்பாலும் அடைபட்டிருக்கும். குளியலறையில் நிற்பவனுக்கோ காலணி இல்லை. தரை முழுதும் நீர். உடல் முழுதும் ஈரம்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். நனைந்த தோலுக்கு அக்காப்பு இல்லை. ஈரமான கையிலிருந்து ஈரமான கால்வரை உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வது வழக்கம். நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் ஆகிறது. 60 வாட்டுக் குண்டு விளக்கு ஒன்று எரிவதற்கு வேண்டிய மின்னோட்டத்தைவிட இது குறைவு. ஆயினும் ஓரிரு நொடி நீடிக்குமாயின் 50 மில்லி ஆம்பியரே இதயத்தைக் குலைக்கப் போதியதாகலாம். இதயத்தின் தசைகள் ஒன்றுகூடித் துடிப்பதை விட்டுத் தனித்தனியே நடுங்கத் தொடங்கும், குருதியோட்டம் நின்றுவிடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் என்பவர், மின்னதிர்ச்சியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தாமாக முன்வந்த மாந்தர் பலரின் கைகளில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகப் பாய்ச்சி, எந்த அளவுவரை அவர்கள் பிடித்த கம்பியைத் தாமே விட முடிகிறது என்று அளந்தார். அவ்வெல்லை ஆடவர்க்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர்; பெண்டிர்க்கு 10.5 மில்லி ஆம்பியர். அதற்குமேல் கைத்தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் விரல்கள் விரியா. 'கரண்டு பிடித்துக்கொண்டது' என்று மக்கள் கூறுவது இதனையே. மின்சாரம் மனிதனைப் பிடிப்பதில்லை. மனிதனின் கையே கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்போர் உண்டு. இந்நம்பிக்கை பல வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பியூஸ் கம்பி 5 ஆம்பியரையோ 15 ஆம்பியரையோ மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது உருகுகிறது. 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். மனிதனைக் கொல்வதற்கு 230 மில்லி ஆம்பியரே மிகுதி; அது பியூஸிற்கு ஒரு பொருட்டன்று. இக்காலத்து எம்.சி.பி. என்னும் தானியங்கு சுவிட்சிற்கும் இது பொருந்தும். இவை கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கு ஏற்பட்டவை. கம்பியைக் காக்கும் காவலன், தன் கண்ணெதிரே மனிதன் வீழ்வதையும் அறியாமல் நிற்பான்.

ஆகவே குளியலறைக்கென்று தனிக் காவல்கள் வேண்டியிருக்கின்றன. அவற்றுள் எளியது தொலைவு. நீர் தெறிக்கும் இடத்தில் மின்சாரம் இருத்தலாகாது. பன்னாட்டு மின்நுட்ப ஆணையத்தின் விதிகள் குளியலறையை வட்டாரங்களாகப் பிரித்து அளந்து காட்டுகின்றன. குளியல் தொட்டி இருக்குமாயின், அதன் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை சாக்கெட்டு அமைத்தல் கூடாது; முகம் மழிக்கும் கருவிக்கென்று தனி மின்மாற்றியோடு அமைந்த சாக்கெட்டு மட்டும் விலக்கு. தொட்டி இல்லாமல் தூவாலைக் குழாய் மட்டும் இருக்குமாயின், அக்குழாயிலிருந்து 120 சென்டிமீட்டர் வரை விலக்க வேண்டும். உயரத்தில் இவ்வெல்லை தரையிலிருந்து 225 சென்டிமீட்டர் வரை செல்லும். தூவாலை அதனினும் உயர்ந்திருந்தால் அதன் உயரம் வரை செல்லும். அவ்வெல்லைக்குள் சுவரில் நிலையாகப் பொருத்திய வெந்நீர்க் கருவி இருக்கலாம்; ஆனால் சாக்கெட்டும் சாதாரணச் சுவிட்சும் இருத்தலாகா.

இவ்வளவுகள் ஐரோப்பியர் குளிக்கும் முறையை எண்ணி வகுக்கப்பட்டவை. தொட்டியினுள் அமர்ந்து குளிப்போர்க்கு நீர் தொட்டியோடு நிற்கும். திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ பெரும்பாலார் குளிப்பது வாளியும் குவளையும் கொண்டு. வாளிக்கு நிலையான இடம் இல்லை. குவளை நீரைத் தலையில் ஊற்றினால் அது நான்கு சுவரிலும் தெறிக்கும். பெரும்பாலான வீடுகளில் குளியலறையின் அகலமோ ஐந்தடி, நீளம் ஏழடி. அதாவது 150 சென்டிமீட்டருக்கு 210 சென்டிமீட்டர். குழாயிலிருந்து 120 சென்டிமீட்டரை அளந்து கழித்தால், எஞ்சுவது கதவை ஒட்டிய சிறு பகுதியே. ஆகவே இத்தகைய அறையை முழுமையாக நீர் வட்டாரம் என்று கொள்வதே அறிவுடைமை. சாக்கெட்டு அறைக்கு வெளியே இருக்கட்டும். விளக்கிற்கும் வெந்நீர்க் கருவிக்கும் உரிய சுவிட்சுகள் கதவிற்கு வெளியே, உலர்ந்த கையால் இயக்கும் இடத்தில் இருக்கட்டும். கருவியின் சுவிட்சு பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிப்பதாயின் நன்று.

சுவிட்சைப் பற்றி மற்றொன்றும் கூறல் வேண்டும். தனிச் சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும். நியூட்ரல் கம்பியில் மட்டும் சுவிட்சையோ பியூஸையோ அமைத்தல் விதிக்கு மாறானது. மாற்றி அமைத்தாலும் விளக்கு எரியும், அணையும். வீட்டார்க்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அணைந்த விளக்கின் தாங்கியில் மின்சாரம் நிறைந்திருக்கும். ஈரக் கையோடு குண்டு விளக்கை மாற்றப் புகுந்தவன் அப்போதுதான் அதனை அறிவான்.

நாடுகள் இதில் வேறுவேறு வழிகளில் சென்றிருப்பது வியப்பிற்குரியது. பிரிட்டனில் நெடுங்காலம் குளியலறையில் சாக்கெட்டே கூடாது. முகம் மழிக்கும் கருவிக்குரியது மட்டுமே இருக்கலாம். 2008 ஆம் ஆண்டில் விதியைத் தளர்த்தியபோதும், தொட்டிக்கு மூன்று மீட்டருக்கு அப்பால் இருந்தாலன்றி அப்போது இசைவு தரவில்லை. அங்குள்ள சிறு குளியலறைகளில் மூன்று மீட்டருக்கு இடமேது! விளக்கின் சுவிட்சையும் கூரையில் வைத்துக் கயிறு கட்டி இழுத்தனர். அமெரிக்கரோ கை கழுவும் பீங்கானிற்கு அருகிலேயே ஒரு சாக்கெட்டு இருந்தாக வேண்டும் என்றனர். ஆனால் 1975 ஆம் ஆண்டின் விதித்தொகுப்பில் அச்சாக்கெட்டிற்கு ஒரு காவலையும் கட்டாயமாக்கினர். ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. முன்னவர் தொலைவை நம்பினர். பின்னவர் கருவியை நம்பினர். அக்கருவியைக் காணுமுன், அதற்கும் முந்திய காவலாகிய புவிக்கம்பியைக் காணல் வேண்டும்.

மூன்று முளைகள் உள்ள பிளக்கை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்க. மேலுள்ள முளை மற்ற இரண்டினும் பருமன் மிக்கது, நீளமும் மிக்கது. நீளமானமையால் பிளக்கைச் செருகும்போது அது முதலில் உள்ளே செல்கிறது. பிடுங்கும்போது கடைசியில் வெளிவருகிறது. மின்சாரம் வருமுன் காவல் வந்து நிற்கிறது. மின்சாரம் சென்ற பின்னரே காவல் நீங்குகிறது. அம்முளையோடு இணைந்த பச்சைக் கம்பி, கருவியின் உலோக உடலை வீட்டின் அருகே நிலத்தில் புதைத்த குழாயோடு இணைக்கிறது. இதனைப் பணியாளர் எர்த்து என்பர். கருவியின் உள்ளே பேஸ் கம்பி உறை தேய்ந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் மனிதனை நாடாமல் இக்கம்பியின் வழியே நிலத்தில் இறங்கிவிடும். அவ்வாறு இறங்கும் மின்னோட்டம் மிகுதியாக இருந்தால் பியூஸும் உருகும், எம்.சி.பி.யும் விழும்.

'மிகுதியாக இருந்தால்' என்னும் இச்சொற்களில்தான் மணலுக்கும் பாறைக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. ஈரமான ஆற்று வண்டலில் குழாயைப் புதைத்தால், நிலம் மின்னோட்டத்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அவ்வழியின் மொத்தத் தடை 5 ஓம் என்று கொள்க. 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதனைத் தாங்காது, விரைவில் விழுந்துவிடும். பாறை நெருங்கிய நிலத்தில், விதி கூறும் 2.5 மீட்டர் ஆழத்திற்குத் தோண்டுவதே அரிது. பாறையும் வறண்ட மண்ணும் மின்னோட்டத்தை எளிதில் ஏற்பதில்லை. அங்கே தடை 46 ஓம் என்று கொள்க. 230ஐ 46ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். 2 கிலோவாட்டு வெந்நீர்க் கருவி, தன் இயல்பான பணிக்கே ஏறத்தாழ 9 ஆம்பியர் உண்பது. அதனோடு இந்த 5 ஆம்பியரும் சேர்ந்தாலும் 14தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கருவியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். எர்த்து இருக்கிறது என்று வீட்டார் நம்பியிருப்பர். பச்சைக் கம்பியும் கண்ணெதிரே இருக்கும். காவல் மட்டும் இராது.

இதனாலேயே எர்த்துக் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி ஈரமாக வைப்பர். திருவரங்கத்தில் ஆறு ஓடும் காலத்தில் இத்தொல்லை குறைவு. ஆறு வறண்டு, வீடுகளில் முற்றங்களையும் கொல்லைகளையும் சிமெண்டுத் தளம் மூடிவிட்ட பின்னர், அங்கும் குழியைக் கவனியாதிருக்க முடியாது. மற்றொரு மாறுதல் எவரும் அறியாமல் நிகழ்ந்தது. முன்னாளில் பல வீடுகளில் எர்த்துக் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டனர். குழாய் நிலத்தினுள் நெடுந்தொலைவு சென்றமையால் அஃது ஒருவாறு பயன்பட்டது. பின்னர் துருப்பிடித்த இரும்பை அகற்றிப் பிளாஸ்டிக் குழாய் பதித்தனர். தண்ணீர் முன்போலவே வந்தது, எர்த்து அறுந்துபோயிற்று. குழாய் பதித்தவர்க்கு மின்சாரத்தைப் பற்றிய எண்ணமில்லை. மின்பணியாளரை எவரும் அழைக்கவில்லை. பிளாஸ்டிக் குழாயின் நுனியில் எஞ்சி நிற்கும் இரும்புத் துண்டிலோ பித்தளைக் குழாய்த்திருகிலோ கம்பி இன்றும் சுற்றப்பட்டிருக்கும் வீடுகளில், பழுதுற்ற கருவியிலிருந்து வரும் மின்சாரம், குளிப்பவன் கை வைக்கும் திருகிலேயே வந்து நிற்கும்.

எர்த்தின் குறையை நிறைவு செய்ய வந்ததே மின்கசிவுத் துண்டிப்பான். கடைகளில் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். முன்னர்க் கூறிய டால்சியல், 1961 ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவியொன்றை அமெரிக்க வீடுகளுக்கு ஏற்ற வகையில் அமைத்தார். இதன் செயல், காவிரிப் பாசனத்தை அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். தலைமடையில் விட்ட நீர், வழியில் எவரும் எடுக்காதபோது, கடைமடையில் குறைந்து வந்தால், இடையே எங்கோ கரை உடைந்திருக்கிறது என்பது தெளிவு. வீட்டினுள் பேஸ் கம்பி வழியாக எவ்வளவு மின்னோட்டம் செல்கிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இரு கம்பிகளும் இக்கருவியினுள் ஓர் இரும்பு வளையத்தினூடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாயின் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிறிது குறைந்தாலும் வளையத்தில் காந்தம் எழும். அது மற்றொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். அத்தூண்டலால் சுவிட்சு விழும்.

வீடுகளுக்குரிய கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிற்குள் துண்டிக்க வேண்டும் என்பது விதி. டால்சியல் கண்ட எல்லையைவிட இது மிகுதியாயிற்றே என்று கூர்ந்து பார்க்கும் மாணவர் கேட்கலாம். கேள்வி தக்கதே. இக்கருவி அதிர்ச்சியே நேராமல் தடுப்பதில்லை. அதிர்ச்சியின் காலத்தைச் சுருக்குகிறது. ஈர உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயத் தொடங்கினால், ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கிற்குள் சுவிட்சு விழும். இதயம் ஒருமுறை துடித்து முடிக்கும் காலத்தில் இது மிகச் சிறு பகுதி. மேலும், எர்த்து ஓரளவு இருந்தாலே கருவி முன்கூட்டி விழும். பாறை நிலத்தில் 5 ஆம்பியர் கசிந்தபோது எம்.சி.பி. அசையாதிருந்ததன்றோ? 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. அக்கணமே விழும், எவரும் தொடும்வரை காத்திராது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. உலர்ந்த பலகையின்மேல் நின்று ஒரு கையால் பேஸையும் மற்றொரு கையால் நியூட்ரலையும் பிடிப்பவனை, இக்கருவி ஒரு விளக்கென்றே எண்ணும்.

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டு மின்விதிகள் இத்துறைக்கு நெடுங்காலம் அடிப்படையாயிருந்தன. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில், வீட்டு மின்னிணைப்பு வேலையைச் செய்ய வேண்டும் என்று அவை விதித்தன. மின்கசிவுக் காப்பைப் பற்றிய பிரிவு அவற்றில் பின்னரே சேர்க்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ், மத்திய மின்சார ஆணையம் 2010 ஆம் ஆண்டில் புதிய பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. 2023 ஆம் ஆண்டில் அவற்றிற்கு மாற்றாக வேறு விதிகள் வந்தன. கம்பி பொருத்தும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 732ஆம் எண் தரநூலும், எர்த்து அமைக்கும் முறையை 3043ஆம் எண் தரநூலும் விரித்துரைக்கின்றன.

இவ்விதிகளில் ஒரு விலக்கு இருந்து வந்தது, அது சிந்தித்தற்குரியது. மின்கசிவுத் துண்டிப்பான் சிறு இணைப்புகளுக்குக் கட்டாயமன்று. பழைய விதியில் அச்சிறுமையின் எல்லை 5 கிலோவாட்டு; பின்னர் அது 2 கிலோவாட்டாகச் சுருங்கிற்று. சிறு இணைப்பு உடையோர் ஏழையர். அவர்க்குச் செலவை மிகுவிக்கலாகாது என்பது அவ்விலக்கின் கருத்தாயிருக்கலாம். ஆனால் சிறு வீட்டில்தான் கம்பி பழையது, எர்த்து குறையுடையது, சுவரில் பொருத்திய கெய்சரும் இல்லை. அங்கே வெந்நீர் வைப்பது வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் கம்பியால். 1 கிலோவாட்டு அல்லது 1.5 கிலோவாட்டு ஆற்றலுடைய அக்கம்பி, விலக்கின் எல்லைக்குள் நன்கு அடங்கிவிடும். 230 மில்லி ஆம்பியரோ வீட்டின் வாடகையைக் கேட்டு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 ஆம் ஆண்டில் இக்கருவி வீடுகள் அனைத்திற்கும் வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. எனினும் பழைய இணைப்புகளைத் தேடிச் சென்று பார்ப்பவர் எவர்? உரிமையாளர் வேறிடத்தில் இருக்கிறார். குடியிருப்பவர் ஓராண்டில் வீடு மாறுவார். ஒருவர் மற்றவர் செய்யட்டும் என்று இருப்பின், கொல்லைப்புறத்துக் கம்பி இன்னும் ஒரு மார்கழியைக் காணும்.

ஹீட்டர் கம்பியால் நேரும் விபத்து பெரும்பாலும் ஒரே வகையானது. நீர் சூடாயிற்றா என்று விரலை விட்டுப் பார்த்தல்; அல்லது சுவிட்சை அணைக்காமலே கம்பியை வெளியே எடுத்தல். கம்பியின் உலோக உறையில் ஊசிமுனை அளவு துளை விழுந்திருந்தாலும், வாளி நீர் முழுவதும் மின்னேறி நிற்கும். வாளி இரும்பாயின் வாளியும் அவ்வாறே. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்னரே நீரைத் தொடுதல் வேண்டும். இரு முளைப் பிளக்குள்ள கம்பி எர்த்தற்றது. அதனை விலை மலிவு என்று வாங்குதல் கூடாது. எவரேனும் தாக்குண்டு விழுந்திருக்கக் கண்டால், ஓடிச்சென்று தூக்குவதே அன்புடையார்க்கு இயல்பு; ஒருவரைத் தூக்கப் போய் மற்றொருவரும் மாண்ட வீடுகள் உள. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதனை அடைய முடியாவிடில், உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை அகற்ற வேண்டும். மூச்சு நின்றிருப்பின் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டத் தொடங்கி, 108 எண்ணிற்கு அழைத்தல் வேண்டும்.

மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்திய வீடுகளிலும் ஒரு பணி எஞ்சியிருக்கிறது. கருவியின் முகப்பில் 'டி' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று காணப்படும். மின்சாரம் இருக்கும்போது அதனை அழுத்தினால், கருவி தனக்குத் தானே ஒரு சிறு கசிவை உண்டாக்கிச் சோதித்துக்கொள்ளும். சுவிட்சு உடனே விழுந்து, விளக்குகள் அணைந்து, விசிறி மெல்ல நிற்கும். பல மாதம் அசையாதிருந்த கருவி உள்ளே இறுகிப் போவதுண்டு. ஆதலின் திங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். வீட்டில் படித்துக்கொண்டிருப்போர் சற்றுச் சினம் கொள்வர். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தால், அன்று வெந்நீர்க் கருவியின் சுவிட்சைத் தொடாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.